குன்னூர் லோகோ ஷெட்டில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்

மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் மலை ரயிலை நடத்தும் ரயில்வே அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கோவை கணபதியில் 41 ஆண்டுகள் பவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் செய்து கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். பம்பு செட்டோ மோட்டார் கூடோ இரும்பில் வார்ப்பதற்கு முன்னால், அதன் உருவை மரத்தில் செதுக்கித் தருகிற வேலை அது. அந்த மர உருவை மண்ணில் பதித்து எடுத்தால் கிடைக்கும் குழியில்தான் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ரயில்வேயில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீராவி இன்ஜினைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. அந்த இன்ஜினை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த அடுத்த தலைமுறையை, இன்ஜின்களை நிறுத்திப் பழுது பார்க்கும் குன்னூர் லோகோ ஷெட்டிலேயே, இந்தப் பகுதிப் பிள்ளைகளைக் கொண்டு, முறையாக உருவாக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் ஓடுகிற எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் பிறந்தவை. முதல் தொகுதி 1910களிலும் 1920களிலும் வந்தது, கடைசித் தொகுதி 1952ல் வந்தது. செய்த நிறுவனம் இன்று அந்தப் பெயரில் இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் அதே வகுப்பில் புதிய இன்ஜின்களைச் செய்து மலைக்கு அனுப்பியது. 2021ல் நிலக்கரியில் ஓடும் புதிய இன்ஜின் ஒன்றும் அங்கிருந்து வந்தது. செய்தித்தாளில் படம் பார்த்தபோது நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. பிறர் அதை ஒரு பழைய வண்டியின் மறுபிறப்பாகப் பார்த்திருப்பார்கள். எனக்கு அதற்குப் பின்னால் எத்தனை பேட்டர்ன்கள் செதுக்கப்பட்டிருக்கும் என்ற எண்ணம்தான் ஓடியது.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒரு பங்கு, பித்தளை ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு, எஃகு இரண்டு பங்கு வரை. அதனால் பேட்டர்னை வரைபடத்தில் உள்ள அளவுக்குச் செய்யக் கூடாது, அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துப் பெரிதாகச் செய்ய வேண்டும். கடைந்து வழவழப்பாக்க வேண்டிய முகங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். கனமான இடமும் மெல்லிய இடமும் ஒரே வார்ப்பில் வந்தால் எது முதலில் ஆறும், எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வரைபடத்தில் முடிந்த அளவு மட்டுமே எழுதியிருக்கும். மீதி செய்கிறவன் கைக்குள் இருக்கும், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் கையிலிருந்து அது வந்திருக்கும். நான் இந்த மடலை எழுதுவது அந்த மீதியைப் பற்றித்தான். இன்ஜினின் வரைபடங்கள் உங்களிடம் பத்திரமாக இருக்கும். வரைபடத்தில் இல்லாததை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

1966ல், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, என்னை முதன்முதலாக அந்த ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். உதகைக்குப் போகக் காசு போதாது, குன்னூர் வரைக்கும்தான். அவர் கோவையில் ஒரு பஞ்சாலையில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். கோவையின் முதல் பஞ்சாலை 1888ல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வருகிறவரை ஆலைகளைச் சுற்றியது நீராவிதான். மின்சாரம் வந்த பிறகும் பாவுக்குக் கஞ்சி போடும் இடத்துக்கு நீராவி தேவைப்பட்டதால் அவர் பாய்லர் அருகிலேயே காலம் தள்ளிவிட்டார். அந்தச் சூட்டில் அவருக்கு வலது முன்கையில் முடியே கிடையாது.

நாங்கள் ஏறியது கடைசிப் பெட்டி. இந்த ரயிலில் இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், ஆகவே கடைசிப் பெட்டிக்காரருக்கு இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும். பெட்டிகள் எல்லாம் இன்ஜினுக்கு மேட்டுப் பக்கமாக இருப்பதால், இணைப்பு விட்டுப்போனாலும் அவை இன்ஜின் மேல் சாய்ந்து நிற்குமே தவிரத் தனியே உருண்டு ஓடாது. இதை அப்பிச்சி எனக்கு இரண்டு தீப்பெட்டிகளைச் சாய்த்துப் பிடித்த சிலேட்டின் மேல் வைத்துக் காட்டியிருந்தார். ஆகையால் எனக்குப் பயமில்லை. பவானியைத் தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வண்டி சாதாரண ரயிலைப் போல்தான் ஓடியது. கல்லாறு வந்ததும் அப்பிச்சி என் தோளைப் பிடித்து, "காதைத் திறந்து வை, சாமி. இப்போது மூச்சு மாறும்" என்றார்.

மாறியது. அதற்குக் காரணம் எனக்குப் பிடிபட இன்னும் பல வருடங்கள் ஆயிற்று. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறை இது. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மறு பட்டையில் பள்ளம் இருக்கும். இன்ஜினின் பல் சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லை நன்றாகக் கவ்விக்கொண்டிருக்கும். அங்கே ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி வரை போகிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் அந்த ஏற்றத்தில் நிற்காது. இந்தியாவில் பல் தண்டவாளத்தில் ஓடும் ரயில் இது ஒன்றுதான்.

பல் சக்கரம் பட்டையைக் கவ்வத் தொடங்கும் இடத்தில் அந்தப் பட்டை ஸ்பிரிங் வில்லின் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் நுழையும், வில் அமுங்கி நிமிரும், பல்லும் பல்லும் பொருந்தும். அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கிறது. இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமவெளியில் இரண்டு மட்டுமே வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். பல் பாதையில் ஏறியதும், அந்த இரண்டில் ஒருமுறை உழைத்து வெளியே வரும் நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் அடுத்த இரண்டு சிலிண்டருக்குத் திருப்புகிறார்கள். அவைதான் பல் சக்கரத்தைச் சுற்றுகின்றன. ஒரே நீராவி இரண்டு முறை கூலி வேலை செய்கிறது. அப்பிச்சி சொன்ன மூச்சு மாற்றம் அதுதான். அவர் எக்ஸ் வகுப்பு இன்ஜினின் வரைபடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. காது சொன்னது.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது அவர் இறங்கிப்போய் இன்ஜின் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார். என்ன பேசினார்கள் என்பது பாதிதான் நினைவிருக்கிறது, அதுவும் தண்ணீர் மட்டத்தைப் பற்றியது. ஏற்றத்தில் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் தாழ்ந்த பக்கமாகச் சாயும். கண்ணாடிக் குழாயில் தெரியும் மட்டம் ஏற்றத்தில் ஒன்றாகவும், நிலையத்தின் சமமான தரையில் வேறாகவும் இருக்கும். கண்ணாடியை அப்படியே நம்புகிறவன் ஏமாந்து போவான். தண்ணீர் இறங்கி நெருப்பறையின் கூரை வெளியே தெரிந்துவிட்டால் அது ஆபத்து. அடுத்த வளைவு தாண்டியதும் பாதை எப்படிச் சாயப் போகிறது என்பதை மனதில் வைத்துத்தான் இந்த வளைவிலேயே தண்ணீர் விட வேண்டும். ஆலை பாய்லர் அசையாமல் நிற்கும். அதையே பார்த்துப் பழகிய அப்பிச்சிக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவர், "அந்த ஆள் மலையையே மனப்பாடம் செய்திருக்கிறான்" என்றார்.

இந்த மனப்பாடத்தை நினைத்துப் பாருங்கள், ஐயா. டிரைவர் பின்னால் இருக்கிறார். எதிரே வரும் பாதை அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டி ஒருவருக்கொருவர் செய்தி கடத்துகிறார்கள், டிரைவர் விசிலால் பதில் சொல்கிறார், விசிலைக் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் பிடிக்கிறார்கள் அல்லது தளர்த்துகிறார்கள். மொத்தப் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். இறங்கும்போது கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது ஏறுவதற்கு உதவிய சிலிண்டர்களையே எதிர் அழுத்தத்துக்குத் திருப்பி, அவற்றுக்குள் காற்றை அமுக்கித்தான் வண்டியின் வேகத்தைக் கட்டுகிறார்கள். பல் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குள். அந்த மெதுவான வேகத்தில் எத்தனை பேரின் கவனம் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கிறது என்பது பயணிக்குத் தெரிவதே இல்லை.

இதில் எதையும் ஒரு கையேட்டைக் கொடுத்து மூன்று மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. பேட்டர்ன் தொழிலில் எனக்குச் சுருக்கக் கணக்கு கைவர ஆறு வருடம் ஆனது. இந்த வேலைக்கு அதைவிடக் குறையாது என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டிலேயே ஒரு தொழில் இப்படித்தான் மறைந்தது. அப்பிச்சி வேலையை விட்ட சில வருடங்களில் அந்த ஆலையின் பழைய பாய்லரைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டார்கள். அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கரியின் நிறத்தைப் பார்த்து எவ்வளவு சாம்பல் விழும் என்று சொல்வார். பாய்லர் தகடுகளைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டே போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்து, எது உள்ளே முறிந்திருக்கிறது என்று சொல்வார். இன்று அது எப்படி என்று விளக்க ஊரில் ஆளில்லை. அந்த இழப்பு கோவையை நிறுத்திவிடவில்லை என்பது உண்மை, ஏனென்றால் ஆலைகளுக்கு மின்சாரம் கிடைத்துவிட்டது.

பழையது எல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்கிறவனல்ல நான். எங்கள் காட்டுக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் தோல் பறியும் வடக்கயிறுமாக மாடுகள் பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து நடந்து தேய்ந்ததையும், மாமன்மார் முதுகு வளைந்ததையும் பார்த்தவன். பம்பு செட்டு வந்தது நல்லது. அந்தப் பம்பு செட்டுக்குப் பேட்டர்ன் செய்துதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கவலை போனதற்கு நான் அழ மாட்டேன். ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இன்றைக்கும் வேலையைச் செய்வது நீராவி இன்ஜின்தான். குன்னூரிலிருந்து உதகைக்கு டீசல் இன்ஜின் கொண்டு போகிறது, அங்கே பல் தண்டவாளம் இல்லை, அது பரவாயில்லை. பல் பாதையில் எக்ஸ் வகுப்பு இன்ஜினைத் தவிர வேறொன்று ஏறுவதில்லை. இது கண்காட்சிக் கூடத்தில் துடைத்து நிறுத்திய பொருளாக இன்னும் ஆகவில்லை. நாளைக்குக் காலை 7.10 மணிக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியது அது.

வேலை தெரிந்த கைகளை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வியட்நாமில் தலாத் மலைக்கு நம்முடையதைப் போலவே மீட்டர் கேஜில், ஆப்ட் முறையில், சுவிஸ் இன்ஜின்கள் ஓடிய பாதை ஒன்று இருந்தது. போரில் அது நின்றுபோனது, பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். துருப்பிடித்துக் கிடந்த இன்ஜின்களை 1990ல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோனார்கள். அங்கே ஃபூர்கா கணவாயில் கைவிடப்பட்ட ஒரு மலைப் பாதையைத் தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுத்து, 2010ல் முழுப் பாதையிலும் நீராவி ரயிலை ஓடவிட்டார்கள். 20 வருடத்துக்கும் மேலான உழைப்பு. வியட்நாமில் இன்று அந்த மலை ஏறும் பாதை இல்லை. நமக்குப் பாதை இருக்கிறது, புது இன்ஜின்கள் இருக்கின்றன, அவற்றை ஓட்டுகிறவர்களும் இன்றைக்கு இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தினமும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. சுவிஸ்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

ஆகவே குன்னூரில் ஒரு பள்ளிக்கூடம் கேட்கிறேன். பெரிய கட்டடம் வேண்டாம். வருடத்துக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் போதும். கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டங்களின் ஐடிஐகளில் பிட்டர், டர்னர், வெல்டர் படித்து வெளியே வருகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாடத்திட்டத்தில் நீராவி இன்ஜின் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அவர்களில் மனம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று வருடம் ஷெட்டிலும் பாதையிலும் பழக்குங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் பேத்தி பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறாள். "தாத்தா, இதை எங்கே சொல்லித் தருகிறார்கள்?" என்று சென்ற மாதம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏற்கெனவே அப்படி ஏதாவது ஏற்பாடு இருந்தால் நான் மிகவும் மகிழ்வேன், அதை எங்கள் ஊர்க் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற டிரைவர்கள், பயர்மேன்கள், பாய்லர் பிட்டர்கள் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் வீடுகளில் இருப்பார்கள். அவர்களை ஆசிரியர்களாக அழைத்துச் சம்பளம் கொடுங்கள். சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் பேசுவதைத் தமிழிலும், படுகர்களானால் படுகு மொழியிலும், அவர்கள் சொல்லும் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். ரன்னிமேட்டுக்கு முன்னால் எந்த வளைவில், நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை எவ்வளவு திறப்பார் என்று ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. இன்ஜினில் ஏற்றிவிட்டால் அவர் கை தானாகப் போகும்.

உதிரிப் பாகங்களுக்கு எங்களையும் நம்புங்கள் என்று கோவைப் பட்டறைக்காரர்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். பித்தளைப் பேரிங், வார்ப்பிரும்பு பிரேக் கட்டை, வால்வு உடல் போன்றவை எங்களுக்கு அன்றாட வேலை. 46 கிலோமீட்டர் பாதையின் அடிவாரத்திலேயே இத்தனை பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் இருப்பது ஒரு கொடை. தரப் பரிசோதனையில் எந்தத் தளர்வும் கேட்கவில்லை. பாய்லர் சம்பந்தப்பட்டதில் கேட்கவும் கூடாது.

கரியா எண்ணெயா என்ற வாதத்தில் என் கருத்து உங்களுக்கு எளிதானது. நிலக்கரியில் ஓடும் இன்ஜினின் வாசனைக்கு நான் உயிரை விடுவேன், ஆனாலும் கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டு ஓரத்தில் தீப்பொறி பறப்பது நல்லதில்லை. எண்ணெயில் எரியுங்கள், டீசலில் எரியுங்கள். பாய்லரும் சிலிண்டரும் பல் சக்கரமும் இருக்கட்டும். கரி இன்ஜின் ஒன்றை மழைக்குப் பின்வரும் மாதங்களிலாவது ஓட்டுங்கள். அள்ளிப்போடும் வித்தை அதில்தான் பிழைக்கும். வேகத்தைக் கூட்டச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள். கல்லாறு யானைகள் காலங்காலமாகக் கடக்கும் இடம்.

இன்னொரு சிறிய வேண்டுகோள். இதைப் பொம்மை ரயில் என்று அழைப்பதை உங்கள் விளம்பரங்களிலாவது நிறுத்துங்கள். 1899ல் குன்னூரையும் 1908ல் உதகையையும் தொட்டு, கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி அது. 2005ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அந்த உழைப்புக்காகத்தான். பொம்மை என்று சொல்லிச் சொல்லியே அதை ஓட்டுவதும் விளையாட்டு வேலை என்ற எண்ணம் வந்துவிட்டது. எந்தத் தாய் தகப்பன் தன் பிள்ளையைப் பொம்மை ஓட்டப் படிக்க வைப்பார்கள்? காரமடை, சிறுமுகை, மேட்டுப்பாளையம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருநாள் ஒரு பெட்டியை ஒதுக்கி, கல்லாறில் நிறுத்தி, பல் கவ்வும் இடத்தை ஒரு பிட்டரை வைத்து விளக்கச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பத்து வருடம் கழித்து உங்கள் ஷெட்டுக்கு ஆள் வரும்.

எனக்கு இப்போது கண் சற்று மங்கல்தான், கை நடுக்கமில்லை. என்னிடம் மூன்று சுருக்க அளவுகோல்கள் இருக்கின்றன, இரும்புக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று, எஃகுக்கு ஒன்று. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் கொடுத்தவை. அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கினால் பேட்டர்ன் பாடத்தை மட்டும் நான் காசு வாங்காமல் எடுக்கிறேன். திங்கள் முதல் சனி வரை எந்த நாளும் எனக்குத் தோதுப்படும். மேட்டுப்பாளையத்துக்கு முதல் பஸ்ஸில் வந்தால் 7.10 வண்டியைப் பிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு பேட்டர்ன் தொழிலாளி